பற்கூழ் நோயறிதலில் காந்த ஒத்ததிர்வுப் படிமம்: ஒரு வரலாற்று நோக்கு

1895 நவம்பரில் வில்ஹெல்ம் ரோன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1896 சனவரியில் செருமானியப் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப் அக்கதிரால் தம் பற்களைப் படம்பிடித்தார். அதற்கு 25 நிமிடங்கள் தேவைப்பட்டன. அன்றுதொட்டுப் பல்வேர் நோயறிதல் எக்ஸ் கதிர்ப் படத்தைச் சார்ந்தே வளர்ந்தது. எனினும் அப்படம் எனாமல், டென்டைன், எலும்பு ஆகிய வன்பகுதிகளையே தெளிவாகக் காட்டும். நரம்பும் குருதிக்குழாயும் அமைந்த பற்கூழ் அதில் வெற்றிடமாகவே தோன்றும்.

1973இல் பால் லாட்டர்பர் வெளியிட்ட காந்த ஒத்ததிர்வுப் படிம முறை, நீரிலுள்ள ஐதரசன் அணுக்கருக்களின் குறிப்பலைகளைக் கொண்டு படம் அமைப்பது. இங்கு நிலை தலைகீழாயிற்று: நீர்மிகுந்த பற்கூழ் ஒளிர்ந்தது, வன்பகுதிகளின் குறிப்பலை மிக விரைவில் மங்குவதால் அவை இருண்டு தோன்றின. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் அறிமுகப்படுத்திய ‘ஸ்விஃப்ட்’ முறை, குறிப்பலை மங்குமுன்பே அதனைப் பதிவு செய்தது. 2011இல் அக்குழுவினர் வன்பகுதியையும் பற்கூழையும் ஒருங்கே காட்டும் படங்களை வெளியிட்டனர்.

கருவியின் விலையும், பல்லிலுள்ள சில உலோகங்களால் நேரும் படச்சிதைவும் இம்முறையின் பரவலுக்குத் தடைகளாகும். ஆயினும் பற்கூழை அகற்றுவதா, காப்பதா என்னும் முடிவு நோயாளி கூறும் வலியையும் குளிர் உணர்வுச் சோதனையையும் பெரிதும் நம்பியிருந்தது. அத்திசுவையே கண்டு முடிவெடுக்க வழி திறந்தமையே இவ்வரலாற்றின் பயனாகும்.