எபிடூரல்: ஒரு பெயரின் தாய்வழி

நுரையீரல் நலிந்த முதியவருக்கு வயிற்றில் பெரிய அறுவை என்றால், மயக்க மருந்து நிபுணரின் வாயில் வரும் சொற்களில் ஒன்று 'எபிடூரல்'. வீட்டாருக்கு அது 'முதுகுல போடுற ஊசி'.

'எபி' கிரேக்கம், மேலே என்று பொருள். 'டூரா' லத்தீன், மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்திய தடித்த சவ்வான 'டூரா மாட்டர்' என்பதன் முன்பாதி. மாட்டர் என்றால் தாய். சவ்வைத் தாய் என்றவர்கள் அரபியில் எழுதிய மருத்துவர்கள். 'தாய்ப்பத்திரம் எங்கே?' என்று கேட்கிற ஊரில் இந்த வழக்குக்கு விளக்கம் வேண்டாம். அல்-மஜூசியின் 10ஆம் நூற்றாண்டு மருத்துவ நூலை 1127இல் அந்தியோக்கியா ஸ்டீபன் லத்தீனில் பெயர்த்தபோது, 'தடித்த தாய்' டூரா மாட்டர் ஆனாள். அவளுக்கு உள்ளே இருந்த 'மெல்லிய தாய்' ஏனோ 'பியா மாட்டர்', அதாவது பக்தியுள்ள தாய், ஆகிவிட்டாள்!

1921இல் ஸ்பானிய ராணுவ மருத்துவர் ஃபிடல் பாஹெஸ், டூரா சவ்வுக்கு வெளியே மருந்து செலுத்தி அறுவை செய்யும் முறையை எழுதினார். அவர் வைத்த பெயரில் தாய் இல்லை: 'மெட்டாமெரிக்' உணர்விழப்பு. மெட்டாமெர் என்பது உடலின் அடுக்கடுக்கான கண்டம். 1923இல் கார் விபத்தில் அவர் இறந்தார், கட்டுரையும் மறந்துபோனது. 1931இல் இத்தாலியர் டோலியோட்டி அதே முறையைத் தாமாகக் கண்டு 'பெரிடூரல்' என்றார். பிரிட்டனில் 'எக்ஸ்ட்ராடூரல்' என்றும் வழங்கியது. மேலே, சுற்றி, வெளியே என்று முன்னொட்டுதான் மாறியது, இடம் ஒன்றே.

என் ஓட்டு பாஹெஸுக்கு. 'எபிடூரல்' ஊசி நிற்கும் இடத்தைச் சொல்கிறது. அவர் பெயர் நோயாளிக்குக் கிடைப்பதைச் சொல்கிறது. மேல்வயிற்றைக் கிழித்துத் தைத்தபின் வலிக்குப் பயந்து மூச்சை இழுக்காமல், இருமாமல் கிடந்தால் சளி தேங்கும், நிமோனியா வரும். வெட்டிய மட்டத்தில் ஒரு பட்டை மட்டும் மரத்திருந்தால் நோயாளியால் இரும முடியும். இரத்த அழுத்தம் இறங்குவதைக் கவனிக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் இது ஆகாது.

ஊசி போடும்போது, உப்புநீர் நிரப்பிய சிரிஞ்சின் தண்டைக் கட்டைவிரல் அழுத்தும். மஞ்சள் தசைநாரில் ஊசி இருக்கும்வரை தண்டு நகராது. தாண்டியதும் பொசுக்கென்று உள்ளே போகும். அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று மேலேறும். அதன் வழியே மருந்து போன பிறகு, எதுவரை மரத்தது என்று பார்க்க ஸ்பிரிட் பஞ்சால் வயிற்றில் தொட்டு, 'ஜில்லுன்னு இருக்காங்கய்யா?' என்று கேட்பார்கள். தொப்புள் என்றால் பத்தாவது மார்புக் கண்டமான டி10, மார்க்காம்பு என்றால் டி4. கேஸ் ஷீட்டில் 'எபிடூரல்' என்று எழுதிவிட்டு, பக்கத்தில் பாஹெஸின் கண்டங்களைத்தான் எண்ணிப் போடுகிறார்கள்.