ஸ்டார் ஸ்குரூவிலும் இரண்டு வகை

பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நம் மாணவர்களுக்காக இன்று ஒரு சிறு வரலாறு.

1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்டு புல்லட் வேலை தொடங்கியது. பிறப்பால் ஆங்கிலேய வண்டி. எஞ்சின் மூடியில் ஒற்றைக் கோடு போட்ட மைனஸ் ஸ்குரூ. கோட்டின் அகலத்துக்குத் திருப்புளி இருந்தால் போதும்.

அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் 1936-ல் ஸ்டார் ஸ்குரூவுக்குக் காப்புரிமை பெற்றார். திருப்புளி தானாக நடுவில் உட்காரும் என்பதால் கார் கம்பெனிகளுக்குப் பிடித்துப்போனது. ஆனால் பலமாகத் திருகினால் மேலே ஏறி வழுக்கும்.

ஜப்பானியர் அந்த ஸ்டாரைத் தங்கள் ஜே.ஐ.எஸ். அளவுக்கு மாற்றிக்கொண்டார்கள். 1984-ல் ஓசூரில் இண்ட்-சுசுகி வந்தபோது அதுவும் கூடவே வந்தது. அன்று ஓசூர் நம் தர்மபுரி மாவட்டம்தான்! பார்வைக்கு இரண்டு ஸ்டாரும் ஒன்றே. ஆனால் பிலிப்ஸ் திருப்புளி ஜப்பான் ஸ்குரூவில் அடிவரை இறங்காது, தலை மழுங்கிவிடும். பிறகு உளி, சுத்தி, டிரில். சில சமயம் அலுமினிய மூடியே போய்விடும். அந்த நஷ்டம் மெக்கானிக் தலையில்தான்.

ஸ்குரூ தலையில் சிறு புள்ளி இருந்தால் பெரும்பாலும் ஜே.ஐ.எஸ்.; அதற்குரிய திருப்புளியை எடுங்கள். இறுகியிருந்தால் இம்பாக்ட் டிரைவர். மழுங்கியதற்குப் பதில் ஆலன் போல்ட் போடலாம். ஆனால் அதில் முறுக்கு அதிகம் ஏறும், அலுமினிய மரை தாங்காது. கை அளவோடு இருக்கட்டும்.

வேலை பழகும் பையனைத் திட்டுமுன், அவன் கையில் என்ன திருப்புளி கொடுத்தீர்கள் என்று பாருங்கள்.