திறந்த இயங்குதளமும் மூடிய நிலைபொருளும்: தமிழக அரசின் மடிக்கணினித் திட்டத்தை முன்வைத்து

முன்னுரை

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. டோல்கேட்டுக்கு வடக்கே அமைந்த திருவொற்றியூர் அப்போது அம்மாவட்டத்தின் நகராட்சியாக இருந்தது. பின்னரே சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. முதலாண்டில் 9.12 இலட்சம் கணினிகளை எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்யத் திட்டமிடப்பட்டது. அவற்றில் விண்டோசுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இடம்பெற்றது. எனவே இத்திட்டம் கட்டற்ற மென்பொருள் வரலாற்றின் ஒரு பகுதியாகவும் கருதப்படுகிறது. ஆயினும் அக்கட்டற்ற தன்மை இயங்குதளத்தோடு நின்றுவிட்டது என்பதையும், அதனால் பழுதுநீக்கம் பாதிக்கப்பட்டது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

உட்பொதி கட்டுப்படுத்தியின் வளர்ச்சி

எம்பெடட் கன்ட்ரோலர் எனப்படும் உட்பொதி கட்டுப்படுத்தியின் முன்னோடி, 1984இல் வெளிவந்த ஐபிஎம் ஏடி கணினியின் இன்டெல் 8042 சில்லாகும். விசைப்பலகையைக் கையாள்வதே அதன் முதன்மைப் பணி. மடிக்கணினிகளில் மின்கல மின்னேற்றம், விசிறியின் வேகம், மின்சுற்றுகளை உரிய வரிசையில் இயக்குதல் ஆகியனவும் இச்சில்லின் வழித்தோன்றல்களிடம் வந்து சேர்ந்தன. 1996இல் வெளியான ஏசிபிஐ தரவரையறை, இயங்குதளம் இக்கட்டுப்படுத்தியுடன் உரையாடும் முறையை வகுத்தது. உள்ளே இயங்கும் நிலைபொருளை அது தொடவில்லை. ஆகவே பாஸ் லினக்ஸ் மின்கலத்தின் இருப்பைக் கேட்டறிய முடிந்தது. மின்னேற்றத்தை முடிவுசெய்யும் நிரலைப் படிக்க வழியில்லை.

பிளாஷ் நினைவகப் பகுப்பு

2006இல் இன்டெல் தனது ஐசிஎச்8 சில்லுடன் பிளாஷ் நினைவகத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறையை அறிமுகப்படுத்தியது. தொடக்கத்திலுள்ள 4 கிலோபைட் விவரிப்பான், பயாஸ் முதலிய பகுதிகளின் எல்லைகளையும் அணுகல் உரிமைகளையும் குறிக்கிறது. உட்பொதி கட்டுப்படுத்திக்கெனத் தனிப்பகுதி 2015இன் 100 வரிசைச் சிப்செட்டுகளில்தான் வரையறுக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அதன் நிலைபொருள் சில மாதிரிகளில் பயாஸுடன் ஒரே சில்லிலும், சிலவற்றில் தனிச்சில்லிலும், வேறு சிலவற்றில் கட்டுப்படுத்தியின் உள்ளேயும் இருந்தது. திட்டத்தின் முதற்கட்டக் கணினிகள் இவ்விடைக்காலத்தைச் சேர்ந்தவை.

இந்நிலைபொருள் சிதைந்தால், செயலியும் நினைவகமும் நன்னிலையில் இருந்தும் கணினி உயிர்பெறாது. எட்டுக்கால் பிளாஷ் சில்லில் நிலைபொருள் இருப்பின், புரோகிராமர் கருவியால் முழுப் படிமத்தையும் மீள எழுதவேண்டும். அதே மாதிரியின் வேறொரு கணினியிலிருந்து படிமத்தை எடுத்தால், அக்கணினியின் வரிசை எண்ணும் அமைப்புகளும் உடன்வரக்கூடும். சரியான படிமமும் பகுப்பு வரைபடமும் உற்பத்தியாளரிடமே இருந்தன.

ஒப்பீடு

கல்விக்கென உருவாக்கப்பட்ட ஓஎல்பிசி அமைப்பின் எக்ஸ்ஓ-1 கணினி (2007) இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அதன் 1 மெகாபைட் பிளாஷ் நினைவகத்தில் முதல் 64 கிலோபைட் உட்பொதி கட்டுப்படுத்திக்கு உரியது என்பது வெளியிடப்பட்டிருந்தது. தொடக்க நிலைபொருள் திறந்ததாயினும் கட்டுப்படுத்தியின் நிரல் மூடியே இருந்தது. பின்னர் குரோம்புக் கணினிகளுக்கான கட்டுப்படுத்தி நிரலைக் கூகுள் திறந்த மூலமாக வெளியிட்டது. எனவே இம்மூடலைத் தொழில்நுட்பக் கட்டாயம் எனக் கொள்ள இயலாது. அது வணிகத் தேர்வு.

முடிவுரை

துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழும் டோல்கேட் போன்ற பகுதிகளில், அரசு வழங்கிய கணினி பழுதானால் மாற்றுக் கணினி வாங்குவது எளிதன்று. பகுப்பு வரைபடத்தையும் நிலைபொருள் படிமத்தையும் ஒப்படைக்குமாறு கொள்முதல் நிபந்தனையிலேயே கோருவது அரசால் இயலக்கூடியதே. அரசாணைகளைப் போலவே இப்படிமங்களும் திட்டத்தின் வரலாற்று ஆவணங்கள். எஞ்சியுள்ள கணினிகள் கழிக்கப்படுவதற்கு முன் அவற்றைப் படியெடுத்துப் பேணுதல் வேண்டும்.