மின்காந்தத்தின் முனைகளைக் கண்டறிதல்

மின்காந்தம் என்பது கம்பிச்சுருளின் வழியே மின்னோட்டம் பாயும்போது காந்தத் தன்மை பெறும் அமைப்பு ஆகும். இரும்பு ஆணி, எனாமல் பூசிய செப்புக் கம்பி, 1.5 வோல்ட் உலர் மின்கலம் ஆகியவற்றைக் கொண்டு எளிய மின்காந்தம் ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். சட்டக் காந்தத்தைப் போலவே இதற்கும் வடமுனை, தென்முனை என இரு முனைகள் உண்டு. மின்கலத்தின் நேர்முனையோடு இணைக்கப்பட்ட பக்கமே வடமுனை எனச் சிலர் கருதுவர், இது தவறாகும். சுருளில் மின்னோட்டம் எத்திசையில் சுற்றிவருகிறது என்பதே முனைகளைத் தீர்மானிக்கிறது.

வரலாறு

மின்னோட்டம் பாயும் கம்பி திசைகாட்டியின் முள்ளை விலக்குவதை டென்மார்க் நாட்டு அறிவியலாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் 1820 இல் கண்டறிந்தார். 1825 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்டர்ஜன், லாட வடிவ இரும்பின்மீது கம்பி சுற்றிய மின்காந்தத்தைச் செய்துகாட்டினார். பின்னர் அமெரிக்கரான ஜோசப் ஹென்றி, பட்டுநூல் உறையிட்ட கம்பியை நெருக்கமாகப் பல அடுக்குகளாகச் சுற்றி அதன் வலிமையைப் பெருமளவு கூட்டினார்.

விதிகள்

மின்கலத்துக்கு வெளியே மின்னோட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் பாய்வதாகக் கொள்வது மரபு. இதன் அடிப்படையில் இரு விதிகள் பயன்படுகின்றன.

* வலக்கை விதி: வலக்கை விரல்கள் மின்னோட்டம் சுற்றும் திசையில் வளையுமாறு சுருளைப் பற்றினால், நீட்டிய பெருவிரல் வடமுனையைக் காட்டும்.
* கடிகார விதி: சுருளின் ஒரு முனையை நேராக நோக்கும்போது மின்னோட்டம் வலஞ்சுழியாக (கடிகார முள் சுழலும் திசையில்) சுற்றினால் அது தென்முனை, இடஞ்சுழியாகச் சுற்றினால் அது வடமுனை.

எடுத்துக்காட்டாக, ஆணியின் கொண்டையை நம்மை நோக்கி வைத்து, கொண்டையில் தொடங்கிக் கூர்முனை வரை கம்பியை வலஞ்சுழியாகச் சுற்றுவதாகக் கொள்வோம். கொண்டைப் பக்கக் கம்பியை நேர்முனையோடு இணைத்தால் கொண்டை தென்முனையாகவும், கூர்முனை வடமுனையாகவும் அமையும். இணைப்பை மாற்றாமல் கம்பியை மட்டும் இடஞ்சுழியாகச் சுற்றியிருந்தால், கொண்டை வடமுனையாகிவிடும்.

கூர்முனையை அடைந்தபின் இரண்டாம் அடுக்கைக் கொண்டையை நோக்கிச் சுற்றும்போதும் அதே சுழற்சியைத் தொடர வேண்டும். சுழற்சியை மாற்றிவிட்டால் இரு அடுக்குகளின் காந்தப்புலங்கள் எதிரெதிராக அமையும். சுற்றுகளின் எண்ணிக்கை சமமாயின், அவை ஒன்றையொன்று ஏறத்தாழ முழுமையாக நீக்கிவிடும். வீட்டில் செய்த மின்காந்தம் குண்டூசியைக்கூட ஈர்க்காமற்போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

திசைகாட்டியால் சரிபார்த்தல்

1. கம்பியின் இரு நுனிகளிலும் எனாமலை உப்புத்தாளால் தேய்த்து நீக்க வேண்டும்.
2. மின்கலத்தை இணைக்காத நிலையில் திசைகாட்டியைச் சில சென்டிமீட்டர் தொலைவில் வைத்து, முள் நிற்கும் திசையைக் குறிக்க வேண்டும்.
3. மின்கலத்தை இணைத்து, முள்ளின் எந்த முனை விலக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். முள்ளின் வடமுனையை விலக்கும் பக்கம் மின்காந்தத்தின் வடமுனை ஆகும்.

ஈர்ப்பை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது. மின்னோட்டம் இல்லாதபோதும் இரும்பு ஆணி முள்ளின் இரு முனைகளையும் ஈர்க்கக்கூடும். இரு காந்தங்களின் ஒத்த முனைகளுக்கு இடையில் மட்டுமே விலக்கல் நிகழும் என்பதால், விலக்கலே உறுதியான சோதனை. வலிமையான மின்காந்தத்துக்கு மிக அருகில் கொண்டுசென்றால் முள்ளின் முனைகளே இடம்மாறிவிடலாம். எனவே, சோதனைக்குப்பின் முள் வடக்கையே காட்டுகிறதா எனச் சரிபார்ப்பது நன்று.

பாதுகாப்பு

6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆணியில் 100 சுற்றுகள் சுற்ற ஏறத்தாழ 2 மீட்டர் கம்பியே தேவைப்படும். இதன் மின்தடை மிகக் குறைவு என்பதால் கம்பியும் மின்கலமும் விரைவில் சூடேறும். ஆகவே, ஒவ்வொரு முறையும் சில நொடிகள் மட்டுமே இணைக்க வேண்டும். வீட்டு மின்னிணைப்பில் இதனை ஒருபோதும் இணைக்கக் கூடாது. அது உயிருக்கு ஆபத்தானது.