துவக்கின் துளையளவும் வரலாற்றுப் புனைகதையும்

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடுத்த காலத்தைக் களமாகக் கொள்ளும் புனைகதையாசிரியர் ஒருவர், பிரித்தானியரின் கீழ் ஊழியம் புரிந்த இந்தியச் சிப்பாயின் கையில் என்பீல்ட் றைபிளைக் கொடுத்துவிடுவது மிக எளிது. இதனை வெறும் தகவற்பிழை என ஒதுக்கிவிடலாமா? யதார்த்தவாதத்தை வலியுறுத்துவோர் அவ்வாறு ஒதுக்கல் இயலாது என்றே கருதுகின்றேன்.

துவக்கின் அளவு எனப்படுவது பெரும்பாலும் குழலின் உள்விட்டமாகும். அதனைக் குறிக்கும் பழைய முறை நிறைவழிப்பட்டது. 'பன்னிரண்டு போர்' என்று நம்மூர் வேட்டைக்காரரும் வழங்கும் தொடரின் பொருள், துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்து ஓர் இறாத்தல் நிறுக்கும் என்பதே. எனவே எண் கூடத் துளை சிறுக்கும்: 12 போர் 0.729 அங்குலம், 20 போர் 0.615 அங்குலம். (இதனை '12 கலிபர்' என எழுதுவோர், தாமறியாமலே 12 அங்குலப் போர்க்கப்பற் பீரங்கியைக் கதாநாயகனின் தோளில் ஏற்றிவிடுகின்றனர்.) தராசையும் ஈய அச்சையும் நம்பித் தொழில் செய்த கம்மியனின் அளவை இது. 18ஆம் நூற்றாண்டுப் பிரித்தானிய மஸ்கற்றின் துளை ஏறத்தாழ 0.75 அங்குலம், அதாவது 11 போர்; அதிலிட்ட குண்டோ 0.69 அங்குல அளவினது, இறாத்தலுக்குப் பதினான்கு. கரி படிந்த குழலினுள்ளும் குண்டு விரைந்திறங்குதற்பொருட்டு விடப்பட்ட இடைவெளி அது. குறி தவறினும், அணிவகுத்து நின்று விரைந்து சுடுவதே அன்றைய போர்முறையின் தேவையாயிருந்தது.

பொறித்தொழில் வளர்ச்சியோடு இந்நிலை மாறிற்று. 1850களில் அமெரிக்க இயந்திரங்கள் என்பீல்ட் தொழிற்சாலைக்கு வந்தன. ஒரு துவக்கின் உறுப்பு மற்றொன்றிற் பொருந்தவேண்டுமாயின் அங்குலத்தின் ஆயிரத்திலொரு கூறும் கணக்கில் வரவேண்டும். 1853ஆம் ஆண்டு மாதிரி றைபிளின் 0.577 என்ற எண் இப்புதிய உற்பத்திமுறைக்கு உரியது. இதன் கொழுப்புத் தடவிய தோட்டாக்களே 1857இன் உடனடிக் காரணங்களுள் ஒன்றாயின.

இனித்தான் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய எண் வருகின்றது. கிளர்ச்சியின் பின் இந்தியப் படைப்பிரிவுகளுக்கென 1858ஆம் ஆண்டு மாதிரி மஸ்கற் உருவாக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் அது என்பீல்ட்டே. ஆனால் குழலின் உட்சுருள்வரிகள் கடைந்தெடுக்கப்பட்டு, துளை 0.656 அங்குலமாக வழுவழுப்பாக்கப்பட்டிருந்தது. பல நூறு யார் தொலைவிலும் பயன்பட்ட ஆயுதம் இவ்வாறு நூறு யார் அளவிற்குக் குறுக்கப்பட்டது. இங்கு பெரிய எண் பெரிய வலிமையைச் சுட்டவில்லை. ஆள்வோர் ஆளப்படுவோர்மீது கொண்ட அச்சத்தையே சுட்டுகின்றது. சில பிரிவுகள் விதிவிலக்காயிருந்தன எனினும், சுதேசிப் படைகளை ஆயுதத்தில் ஒரு படி பின்னே நிறுத்துவது தொடர்ந்த கொள்கையாயிற்று. 1871இல் ஏற்கப்பட்ட மாட்டினி-ஹென்றி வெள்ளையர் படையணிகளுக்கு வந்த பின்னரே, பழைய சினைடர் சிப்பாய்களைப் பரவலாகச் சென்றடைந்தது. ஆகவே நாவலாசிரியன் 'என்பீல்ட்' என்று எழுதி நிறுத்தும்போது, குடியேற்றவாத உறவின் மிகத் துல்லியமான சான்றொன்றைக் கைவிடுகின்றான்.

எண்கள் எப்பொழுதும் உண்மையளவைத் தருவன என்றும் கொள்ளவியலாது. 0.38 எனப்படும் றிவோல்வரின் குண்டு 0.357 அங்குலமே; பழைய தோட்டாக்கூட்டின் விட்டத்தால் வந்த பெயர் நிலைத்துவிட்டது. '0.9 மில்லிமீற்றர் பிஸ்டல்' என்பதோ தசமப்புள்ளி செய்யும் கூத்து; அக்குழலில் ஊசியும் நுழைவது அரிது.

ருஷ்ய உதாரணம் வேறு வகையினது. அங்கு 1891இல் ஏற்கப்பட்ட றைபிளின் பெயர் 'மூன்று கோட்டு' றைபிள். ஒரு கோடு அங்குலத்திற் பத்திலொன்று. மூன்று கோடு 7.62 மில்லிமீற்றர். புரட்சி அரசாங்கம் 1918இல் மெற்றிக் முறையை ஆணையாக்கியது. துளை மாறவில்லை, பெயரே மாறியது. 1905ஆம் ஆண்டுக் கதையொன்றில் தன் துவக்கை 'ஏழு தசம் ஆறு இரண்டு' என்றழைக்கும் ருஷ்யக் குடியானவச் சிப்பாய், தன் தலைமுறையின் வாயில் வழங்காத சொல்லைப் பேசுகின்றான்.