லயத்திலிருந்து புறப்பட்ட ராணிகள்



வரலாற்றில் புகழ் பெற்ற பெண்கள் யார் யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், ராணி மங்கம்மாள், வேலு நாச்சியார், ஜான்சி ராணி லட்சுமிபாய் என்று சொல்லுவார்கள். நல்லது, அறிந்திருக்க வேண்டிய பெயர்கள்தாம். ஆனால் இவர்கள் எல்லாரும் அரண்மனையில் வாழ்ந்தவர்கள். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்கு ஓடி, பால்மரம் வெட்டிய நம் பெண்களுக்கு வரலாற்றில் இடம் உண்டா?

உண்டு. அந்த இடம் எது, அதை அவர்கள் எவ்வாறு பெற்றார்கள் என்பதையே இன்று நாம் காணப்போகிறோம்.

முதலில், பெயருக்குரியவரைப் பற்றிச் சில சொற்கள். வட இந்தியாவில் ஜான்சி என்றொரு சிறு அரசு இருந்தது. அதன் மன்னர் கங்காதர் ராவ் 1853ஆம் ஆண்டு காலமானார். அவர் தத்தெடுத்த பிள்ளையை வாரிசாக ஏற்க மறுத்து, 1854இல் ஆங்கிலேயர் அந்த அரசைத் தமதாக்கிக்கொண்டனர். விதவையான ராணி லட்சுமிபாய் முறையிட்டுப் பார்த்தார், பயனில்லை. 1857இல் மூண்ட பெருங்கிளர்ச்சியில் அவரும் இறங்கினார். 1858ஆம் ஆண்டு ஜூன் மாதம், குவாலியருக்கு அருகில் போர்க்களத்திலேயே உயிர் நீத்தார். முப்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை.

அந்த ராணியின் பெயர், எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, கடல் கடந்து மலாயாவுக்கு வந்தது. அது வந்து சேர்ந்த காலம் எத்தகையது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் விழுந்தது. தோட்டத் துரைமார்கள் போய்விட்டார்கள். ரப்பரை வாங்குவார் இல்லை. கூலி நின்றது, அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. உடுக்கத் துணிக்கும் பஞ்சம். இந்த நிலையில்தான் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்கு ஜப்பானியர் ஆள் பிடித்தார்கள். பல்லாயிரம் தமிழர்கள் நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர்களின் கணக்கு இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. திரும்பி வராத கணவனையும் அண்ணனையும் எதிர்பார்த்து எத்தனையோ பெண்கள் லயத்து வாசலில் காத்திருந்தார்கள்.

அத்தகைய நாளில், 1943 ஜூலைத் திங்களில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தின் பொறுப்பை ஏற்றார். ஜூலை 9ஆம் நாள் கூடிய மாபெரும் கூட்டத்தில், இந்தியாவின் விடுதலைக்குப் போராட ஆண்கள் மட்டும் போதாது, பெண்களின் படை ஒன்றும் வேண்டும் என்று அறிவித்தார். அப்படைக்கு அவர் வைத்த பெயர்தான் ஜான்சி ராணி படை.

கூட்டத்தில் இருந்தவர்கள் வியந்தார்கள். சேலை உடுத்தி, தலை குனிந்து நடக்கும் பெண்கள் துப்பாக்கி தூக்குவதா என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால் மூன்றே நாளில், ஜூலை 12ஆம் நாள் நடந்த பெண்கள் கூட்டத்தில், இருபது பெண்கள் கனமான துப்பாக்கிகளை ஏந்தி நின்று நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செலுத்தினார்கள். அவர்களைத் திரட்டிப் பழக்கியவர் ஒரு மருத்துவர். அவர் பெயர் லட்சுமி சுவாமிநாதன்.

லட்சுமி 1914ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1938இல் பட்டம் பெற்றார். 1940இல் சிங்கப்பூருக்கு வந்து மருத்துவமனை வைத்தார். அங்கே அவரை நாடி வந்தவர்களில் பலர் ஏழைத் தொழிலாளர்கள். வசதியான குடும்பத்தில் பிறந்த அவருக்கு நம்மவர் படும் பாடு நேரில் தெரிந்தது அங்கேதான். பெண்கள் படைக்குத் தலைமை ஏற்குமாறு நேதாஜி கேட்டபோது அவர் தயங்கவில்லை. தம் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு வந்தார். அன்று முதல் அவர் கேப்டன் லட்சுமி ஆனார். 1943 அக்டோபர் 22ஆம் நாள், சிங்கப்பூர் வாட்டர்லூ சாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களோடு பயிற்சி முகாம் தொடங்கியது.

யார் இந்தப் பெண்கள்? நேயர்களே, இங்குதான் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். பட்டணத்தில் படித்த பெண்கள் சிலர் இருந்தார்கள். ஆயினும் படையில் மிகுதியானோர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்கள் பலர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பலர். கல்யாணம் ஆகாதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். கல்யாணம் ஆனவர் என்றால் கணவரின் சம்மதம் வேண்டும் என்பது விதி. எழுதத் தெரியாத எத்தனை தகப்பன்மார் அந்தத் தாளில் கைநாட்டு வைத்திருப்பார்கள்! அந்தக் கைநாட்டு எளிதாக வந்திராது.

ஏன் போனார்கள்? தாய்நாட்டின் மீது கொண்ட பற்றினால் போனார்கள் என்று சொன்னால் அது உண்மை. ஆனால் முழு உண்மை ஆகாது. பசிக்குப் பயந்து போனவர்களும் உண்டு. ஜப்பானியச் சிப்பாய்களுக்கு அஞ்சி, முகாமே பாதுகாப்பு என்று போனவர்களும் உண்டு. பிறந்தது முதல் கங்காணிக்கும் கிராணிக்கும் துரைக்கும் பயந்தே வாழ்ந்து, ஒரு முறையாவது நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று போனவர்களும் உண்டு. எந்தக் காரணமாயினும் அது குறைவானது அன்று.

முகாமில் என்ன கண்டார்கள்? விடியற்காலையில் கொடி வணக்கம், உடற்பயிற்சி, அணிவகுப்பு. பின்னர் துப்பாக்கி சுடவும் குண்டு எறியவும் பயிற்சி. இரவில் முதுகில் மூட்டையுடன் நெடுந்தூர நடை. நீண்ட கூந்தலைக் கத்தரித்துக்கொண்டவர்களும் உண்டு. சேலை போய், காக்கிச் சட்டையும் காற்சட்டையும் தொப்பியும் வந்தன. தாதிப் பயிற்சி பெற ஒரு பிரிவு தனியாக இருந்தது. ரோமன் எழுத்தில் இந்துஸ்தானி மொழி கற்பிக்கப்பட்டது. தோட்டத்தில் ஐந்தாம் வகுப்பைக்கூடக் காணாத பெண், துப்பாக்கி பிடித்த கையால் எழுதுகோலையும் பிடித்தாள்.

இன்னொன்றும் நடந்தது. முகாமில் ஒரே சமையல்; ஒரே பந்தி. எந்தச் சாதி, எந்த மதம், எந்த லயம் என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில்கூட வேற்றுமை பாராட்டிய காலம் அது. அந்தக் காலத்தில், டாக்டரும் பால்மரம் வெட்டியவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து உண்டார்கள். படையில் சேர்ந்த ஒவ்வொருவரையும் 'ராணி' என்றே அழைத்தார்கள். நேற்றுவரை 'ஏய், வாடி' என்று அதட்டப்பட்ட பெண்ணுக்கு அந்த ஒரு சொல் என்ன செய்திருக்கும் என்பதை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

மலாயாவில் பிறந்த இரு ராணிகளின் கதை நமக்கு நன்கு தெரியும்.

ஒருவர் ஜானகி. 1925இல் கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். நேதாஜியின் பேச்சைக் கேட்ட அன்றே தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். படையில் சேர அவருடைய தந்தையார் இசையவில்லை. கேப்டன் லட்சுமியே வீட்டுக்கு வந்து பேசிய பிறகுதான் தாளில் கையொப்பம் விழுந்தது. பதினெட்டு வயதில் புறப்பட்ட அவர், படையின் துணைத் தளபதியாக உயர்ந்தார்.

மற்றவர் ராசம்மா. 1927இல் ஈப்போவில் பிறந்தவர். பதினாறு வயதில், அக்காள் பொன்னம்மாவோடு சேர்ந்து படைக்குச் சென்றார்.

படையின் ஒரு பகுதி பர்மாவுக்கு அனுப்பப்பட்டது. இம்பாலை நோக்கிச் சென்ற போர் 1944ஆம் ஆண்டு நடுவில் தோல்வியில் முடிந்தது. அதனால் ராணிகள் முன்னணிப் போர்க்களத்தைக் காணவில்லை. காயமுற்ற வீரர்களுக்கு மருந்திடுவதும் பணிவிடை செய்வதுமே அவர்களின் போராக அமைந்தது. 1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூனை விட்டுப் பின்வாங்க நேர்ந்தது. பெண்களைப் பத்திரமாக அனுப்பாமல் தாம் புறப்படுவதில்லை என்று நேதாஜி உறுதியாக இருந்தார். அவர்களோடு தாமும் நடந்தார். பகலில் விமானங்கள் குண்டு வீசின. ஆகவே காட்டுக்குள் பதுங்கினார்கள். இரவில் சேற்றிலும் மழையிலும் நடந்தார்கள். ஆறுகளைக் கடந்தார்கள். ஜானகியும் அந்தப் பயணத்தில் பெண்களை வழிநடத்தி வந்தார். பாங்காக்கை அடைந்து, அங்கிருந்து ஊர் திரும்பினார்கள். எல்லாரும் திரும்பவில்லை, பின்வாங்கும் வழியில் ரயில் தாக்கப்பட்டபோது இரண்டு இளம் பெண்கள் உயிரிழந்தார்கள்.

இங்கு ஒரு கேள்வி எழும். நம்மவரைச் சயாமுக்கு இழுத்துச் சென்று கொன்ற ஜப்பானியரோடு சேர்ந்தல்லவா இந்த ராணுவம் நின்றது? ஆம். அதை மறைப்பது வரலாறு ஆகாது. ஒரே லயத்தில் ஒரு வீட்டு மகன் ரயில் பாதையில் மாண்டான். அடுத்த வீட்டு மகள் படையில் சேர்ந்து அணிவகுத்தாள். இரண்டும் நம் வரலாறே. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பெண்கள் எத்தகைய இருளில் நின்று வழி தேடினார்கள் என்பது விளங்கும்.

சரி, இந்தியாவுக்கு 1947இல் விடுதலை கிடைத்தது. நமக்கு இந்தப் படையால் கிடைத்தது என்ன? இதற்கு விடை சொல்ல, மீண்டும் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். 1920களின் பிற்பகுதியில் வகுக்கப்பட்ட அடிப்படைக் கூலியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. பெண் என்பதற்காக 10 காசு குறைவு. இதைத் தட்டிக் கேட்க நம் பாட்டிமாருக்கு வாய் இல்லை.

போர் முடிந்து திரும்பிய ராசம்மா கல்வியைத் தொடர்ந்தார், ஆசிரியை ஆனார், ராசம்மா பூபாலன் என்று அறியப்பட்டார். அக்காலத்தில் அரசாங்க வேலையிலும் பெண்களுக்குச் சம்பளம் குறைவுதான். 1960ஆம் ஆண்டு அவர் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைத்து, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் வேண்டும் என்று போராடினார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அரசாங்க ஊழியத்தில் அது நிறைவேறத் தொடங்கியது. இந்த நாட்டில் கரும்பலகையின் முன் நிற்கும் ஒவ்வோர் ஆசிரியையும் அவருக்குக் கடமைப்பட்டவரே.

ஜானகி, 1946இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசின் தொடக்க காலத்திலேயே அதில் உழைத்தார். ஜானகி ஆதி நாகப்பனாக, நாடாளுமன்ற மேலவையில் செனட்டராக அமர்ந்தார். 2000ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014இல் மறைந்தார். கேப்டன் லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து, முதிர்ந்த வயது வரை உழைத்து, 2012இல் காலமானார்.

ஆனால் தோட்டத்திலிருந்து சென்ற மற்ற ராணிகள் என்ன ஆனார்கள்? காக்கிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, மீண்டும் உளியும் வாளியும் எடுத்துப் பால்மரத்துக்கே போனார்கள். கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளை வளர்த்தார்கள், வாய் திறவாமல் மறைந்தார்கள். படையில் மொத்தம் ஆயிரம் பேர் இருந்தார்கள் என்று சொல்வாரும் உண்டு. அதில் பாதிதான் என்று சொல்வாரும் உண்டு. பெயர்ப் பட்டியலே முழுமையாக இல்லாதபோது எண்ணிக்கை எப்படித் தெளிவாகும்?

லட்சுமியின் நினைவுகள் நூலாக வந்தன. ராசம்மாவின் வாழ்க்கை நூலாக வந்தது. ஜானகியைத் தேடி ஆய்வாளர்கள் வந்தார்கள். படித்தவர்களின் கதை எழுத்தில் ஏறியது. எழுத்தறியாத ராணிகளின் கதை அவர்களோடு எரிந்து போயிற்று. அவர்களின் துணிவு குறைந்ததன்று. எழுதி வைக்க ஆள் இல்லை, அவ்வளவே.

தாய்மார்களே, தந்தைமார்களே, இதில் நாம் கற்க வேண்டியது இரண்டு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பெண் பிள்ளையைப் பாதியில் பள்ளியை விட்டு நிறுத்தாதீர்கள். அவளைப் படிக்கவிட்டால் அவள் கதையை அவளே எழுதுவாள். இது ஒன்று. இரண்டாவது, வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். அந்தக் காலத்துப் படமோ தாளோ இருக்கலாம். பாட்டி சொன்னதாக அம்மாவோ பெரியம்மாவோ ஒரு செய்தி வைத்திருக்கலாம். தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, நம் மக்கள் பட்டணத்து வீடுகளுக்குக் குடிபோய்க்கொண்டிருக்கும் நாளில், அந்தச் செய்தி தொலைந்தால் மீண்டும் கிடைக்காது.

பிள்ளைகளே, நாளைப் பள்ளிக்கு வரும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பாட்டியின் பெயரையும், அவர் பிறந்த தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். வரலாறு அங்கிருந்து தொடங்கட்டும்.