காரையில் ஒரு கடற்கரை

கடற்கரை பார்க்கப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போனேன் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். வங்கக் கடல் அங்கிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டர் தள்ளியல்லவா இருக்கிறது! ஆனால் மழை அரித்த அந்தக் களிமண் பள்ளங்களில் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும். துப்பாக்கி ரவை போன்ற கற்கள் கிடக்கும். கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான ஒரு பிராணியின் உடலுக்குள் இருந்தவை அவை. கிடாக் கொம்பு போலச் சுருண்ட ஓடுகளும் உண்டு. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் ஏறி வந்திருக்கிறது.

அதன் விளிம்பை வரைபடத்தில் தீட்டியவர் ஹென்றி பிளான்போர்டு. 1855-இல் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 21. மேற்கே பழைய கரும்பாறை, கிழக்கே சிப்பிப் படிவு. இரண்டும் சேரும் இடத்தை நடந்து நடந்தே தேடினார். ஊட்டத்தூர்ப் பக்கம் பவளத் திட்டுச் சுண்ணாம்புக்கல் அகப்பட்டது. பவளம் ஆழமில்லாத, வெதுவெதுப்பான நீரில் திட்டுக் கட்டுவது. ஆகவே கரை அருகேதான் இருந்திருக்க வேண்டும். 1862-இல் அறிக்கை வெளியாயிற்று. ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று படிவங்களுக்கு நம் ஊர்ப் பெயர்களையே வைத்தார். அந்த மட்டில் நல்ல மனிதர்.

ஆனால் அவர் போட்ட கோடு பழைய கரையே என்று எண்ணிவிடக் கூடாது. கோடிக்கணக்கான ஆண்டு மழை கரைத்தது போக மிஞ்சிய விளிம்பு அது.

பிறகு அவர் வானிலை இலாகாவுக்குத் தலைவரானார். 1884-இல், இமயத்தில் பனி அதிகம் விழுந்தால் இந்தியாவில் மழை குறையும் என்று எழுதினார். சிப்பியைத் தேடிய கண் பனியைத் தேடிற்று. மேலிருந்து பார்க்கத்தான் அன்று வழியில்லை. 1978-இல் ஏவிய நிம்பஸ்-7 முதலாகத் துருவக் கடல்களின் பனியைச் செயற்கைக்கோள்கள் இருளிலும் மேகத்திலும் ஓயாமல் கவனித்து வருகின்றன. அங்கும் விளிம்பு தானாகத் தெரிவதில்லை. நீர்ப்பரப்பில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு பனி மூடியிருந்தால் அதுவரை பனி என்று வழக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கோடு நாளுக்கு நாள் நகரும். பிளான்போர்டின் கோடு நகராது.

நகராது என்றா சொன்னேன்? அரியலூரைச் சுற்றிச் சிமெண்டு ஆலைகள். அவை அரைக்கும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் பிராணிகளின் ஓடுதான். ஒவ்வொரு சுரங்கமும் அவர் படத்தில் ஒரு பொத்தல். கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் வீட்டு மாடிக்கு இறக்கிய மூட்டைகளிலும் அரியலூர் என்றே அச்சிட்டிருந்தது.